மருந்துக் குப்பியைக் காட்டாத கிளினிக்கில் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்

கோவையில் தெருவுக்கு ஒன்றாக முளைத்திருக்கும் தோல், முடி, லேசர் கிளினிக்குகளில் ஒன்றில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது, பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் இல்லாமலே இது உங்களுக்குப் பயன்படும், ஏனென்றால் அதே விளம்பரம் வேறு வேறு பெயர்ப் பலகைகளிலும் தொங்குகிறது: "போடாக்ஸ், ஒரு ஏரியா ரூ. 4,999 மட்டும்".

நான் சுருக்கத்தைப் போக்கப் போனவள் அல்ல. (போயிருந்தாலும் தப்பில்லை. அவரவர் முகம், அவரவர் காசு.) எனக்கு இருப்பது முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வெட்டி இழுக்கும் நோய். ஹெமிஃபேஷியல் ஸ்பாசம் என்பார்கள். மூளையிலிருந்து முகத்துக்கு வரும் நரம்பின் மீது ஒரு ரத்தக் குழாய் அழுந்திக்கொண்டே இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். கண் இமையில் சின்னத் துடிப்பாகத் தொடங்கி, கன்னத்தில் இறங்கி, வாயோரம் வரை வரும். பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்ல சேதி வரும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டில் தினமும் பாயசம் வைத்திருக்க வேண்டும். நான் கணக்கு ஆசிரியை. பாடம் நடத்தும்போது ஒரு கண் மட்டும் தானாக மூடினால் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதிச் சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணினார்.

இதற்கு மாத்திரை அதிகம் கேட்காது. மண்டை ஓட்டைத் திறந்து நரம்பையும் ரத்தக் குழாயையும் பிரித்து வைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அது வேண்டாம் என்பவர்களுக்குப் போட்யூலினம் என்ற நஞ்சை மிகச் சிறிய அளவில் போடும் ஊசி. போடாக்ஸ் என்பது அதன் ஒரு பிராண்டுப் பெயர். தசை சுருங்க வேண்டுமானால் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே வர வேண்டும். இந்த மருந்து அதை வரவிடாமல் தடுக்கிறது. போட்டதும் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் இழுப்பு தளரத் தொடங்கும், இரண்டு வாரத்துக்குள் முழுப் பலன் தெரியும், மூன்று நான்கு மாதம் நிற்கும். பிறகு நரம்பு தன் வேலைக்குத் திரும்பிவிடும், நாமும் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

பல வருடங்களாக ஒரு கண் மருத்துவமனையில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தேன். அங்கே நடப்பதை விவரமாகச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். நர்ஸ் ஃப்ரிட்ஜிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து வருவார். அடியில் மருந்து இருப்பதே தெரியாது. கண்ணாடியில் வெண்மையாக ஒரு படலம், அவ்வளவுதான். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் வாய்விட்டுப் படிப்பார். என் கண் முன்னால் சலைன் கலப்பார்கள். குப்பியின் ஸ்டிக்கர் என் கோப்பில் ஒட்டப்படும். டாக்டர் ஒரு முகப் படம் வரைந்து, புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை யூனிட் என்று எழுதுவார். கண்ணைச் சுற்றிப் போடும்போது தொடக்கத்தில் ஒரு புள்ளிக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை யூனிட்தான். மேல் இமையின் நடுப்பகுதியைத் தொடவே மாட்டார்.

அந்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார். அடுத்தவரிடம் தேதி கிடைக்கத் தாமதமானது, இழுப்பு திரும்பிவிட்டது, பொதுத் தேர்வு நேரம். ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னதைக் கேட்டு இந்தக் கிளினிக்குக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் நிரப்பச் சொன்ன படிவத்தில் பிறந்த நாள் கேட்டிருந்தார்கள், திருமண நாளும் கேட்டிருந்தார்கள், சலுகைச் செய்தி அனுப்புவதற்காம். மயஸ்தீனியா கிராவிஸ் போல நரம்பும் தசையும் சேர்ந்து பாதிக்கப்படும் நோய் ஏதாவது உண்டா, ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொள்கிறீர்களா, கர்ப்பமா, கடைசி ஊசி எப்போது என்று ஒரு வரிகூட இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் இந்த ஊசியைத் தொடவே கூடாது.

ஆலோசகர் என்ற பெயரில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். என் நோயைச் சொன்னேன். "இது அழகுக்காக வந்த மருந்து மேடம், இப்போதுதான் நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்கள். இதில் எங்களுக்குத்தான் அனுபவம் அதிகம்" என்றார். வரலாற்றை அப்படியே தலைகீழாக்கிய வாக்கியம் அது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணை அறுவை இல்லாமல் சரிசெய்ய வழி தேடித்தான் இந்த நஞ்சைக் கையில் எடுத்தார். குரங்குகளில் சோதித்ததை 1973-இல் வெளியிட்டார், மனிதர்களுக்குப் போட்ட முடிவுகள் 1980-இல் வந்தன. 1989-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தந்ததும் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும்தான். நெற்றிப் புருவக் கோடு இடையில் வந்து சேர்ந்தது. வான்கூவரில் ஜீன் காரதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமை இழுப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட நோயாளி, புருவ மத்தியில் கோடு மறைவதைக் கவனித்தார். ஜீனும் தோல் மருத்துவரான அவருடைய கணவரும் அதை ஆராய்ந்து 1992-இல் எழுதினார்கள். அழகுக்கான அனுமதி வந்தது 2002-இல். கழுத்துத் திருகலுக்கு அதற்கு முன்பே, 2000-இல் வந்துவிட்டது. அக்குள் வியர்வைக்கு 2004, நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும் கை இறுக்கத்துக்கும் 2010, அடங்காத சிறுநீர்ப்பைக்கு 2013 என்று பட்டியல் நீள்கிறது. இதையெல்லாம் அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் ஒப்பிக்கவில்லை, வரிசை அழைப்பு வந்துவிட்டது.

ஊசி அறையில் டாக்டர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஓர் இளைஞர். கிட்னி ட்ரேயில் சிரிஞ்சுகள் ஏற்கெனவே நிரப்பி அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் ஒட்டுக் காகிதம் இல்லை.

"குப்பி எங்கே?" என்று கேட்டேன்.

"காலையிலேயே கலக்கி வைத்துவிட்டோம் மேடம். ஃப்ரிட்ஜில்தான் இருந்தது."

"எத்தனை யூனிட் போடப் போகிறீர்கள்?"

"தேவைக்குத் தகுந்த மாதிரி போடுவோம் மேடம். நாங்கள் ஏரியா கணக்கு."

கண்ணோரம், கன்னம் என்று குத்தினார். அடுத்த குத்து நெற்றியில். அங்கே எதற்கு என்று கேட்பதற்குள் இன்னும் சில குத்துகள் விழுந்துவிட்டன. "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமல்லவா மேடம், இது இலவசம்தான்" என்றார். வெளியே வந்து பில்லைப் பார்த்தால்: முகம், 3 ஏரியா, ரூ. 14,997. கணக்கு ஆசிரியையிடமே இப்படி. கண் ஒன்று, கன்னம் ஒன்று, நெற்றி ஒன்று, பெருக்கிக்கொள்ளுங்கள் என்றார் வரவேற்பில் இருந்தவர். மருந்தின் பெயர் இல்லை, யூனிட் இல்லை, ஊசி போட்டவரின் பதிவு எண் இல்லை. இதற்கு நடுவில் ஊசிக்கு முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்தார்கள். "பின்" படம் எடுக்கும்போது, "புருவத்தைத் தூக்காதீர்கள், அப்படியே அசையாமல் இருங்கள்" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வாரம் முடிவதற்குள் இடது இமை இறங்கிவிட்டது. பாதிக் கருவிழிக்கு மேல் மறைத்துக்கொண்டு நின்றது. அதோடு இரண்டு புருவங்களும் கண் மேல் வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு கனம். கரும்பலகையில் எழுதியதைப் படிக்க முகவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கு நுனி வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டரை வீட்டிலேயே நிறுத்திவிட்டேன். மாலைக்குள் பின்கழுத்து கல்லாக இறுகிவிடும். இத்தனைக்கும் மேலே வேடிக்கை என்னவென்றால், எதற்காகப் போனேனோ அந்த வாயோர இழுப்பு சில வாரங்களிலேயே திரும்ப ஆரம்பித்துவிட்டது. வேண்டிய இடத்தில் மருந்து நிற்கவில்லை, வேண்டாத இடத்தில் நன்றாகக் குடியேறிவிட்டது.

கிளினிக்குக்குப் போன் செய்தால், முதலில் "இயல்புதான் மேடம்". பிறகு, "வாருங்கள், இலவசமாக டச்-அப் ஊசி போட்டுச் சரிசெய்கிறோம்". இதை நன்றாகக் கவனியுங்கள். இறங்கிய இமைக்கு மேலும் அதே மருந்தைப் போட்டால் இமை ஏறாது. இடைவெளி விடாமல் திரும்பத் திரும்பப் போட்டால் உடல் எதிர்ப்புப் புரதம் உண்டாக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடும், அப்புறம் உண்மையான சிகிச்சைக்கே மருந்து வேலை செய்யாமல் போகலாம். வருடக்கணக்கில் இந்த ஊசியை நம்பி இருக்கப் போகிற என் போன்றவர்களுக்கு அது பெரிய இழப்பு. நான் வர மறுத்ததும் ஒரு ஃபேஷியல் இலவசம் என்றார்கள். இமை தொங்கும் முகத்துக்கு ஃபேஷியல்!

கடைசியில் வேறொரு கண் மருத்துவரிடம் போனேன். வயதானவர், அவசரப்படாதவர். அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்: என்ன பிராண்டு, எத்தனை யூனிட், எங்கெங்கே? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பில்லை நீட்டினேன். "அம்மா, இதில் ஏரியா என்று இருக்கிறது. ஏரியா என்பது மருந்தின் அளவு இல்லையே" என்றார்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். இமையைத் தூக்கும் தசை கண்குழிக்குள் இருக்கிறது. புருவத்துக்குக் கீழே, தவறான இடத்தில் அல்லது அதிக நீரில் கலந்து போட்டால் மருந்து உள்ளே பரவி அந்தத் தசையையும் தளர்த்திவிடும். அதுதான் இமை தொங்கல். நெற்றியில் செய்தது அதைவிட மோசம். ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இமை இயல்பாகவே கொஞ்சம் தளர்ந்திருக்கும். நாம் அறியாமல் நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கித்தான் அதைச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தசையையும் முடக்கிவிட்டால் இமையைத் தூக்க மிச்சமிருந்த துணையும் போய்விடுகிறது. கேட்காமல் "இலவசமாக" போட்ட அந்தக் குத்துகள்தான் என்னைத் தலை சாய்த்து நடக்க வைத்தன. பரவிவிட்ட மருந்தைத் திரும்பப் பெற மாற்று மருந்து கிடையாது. அப்ராக்ளோனிடின் என்ற சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். இமைக்குள் இருக்கும் இன்னொரு சின்னத் தசையைத் தூண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கும். மில்லிமீட்டர் என்பது எவ்வளவு பெரிய அளவு என்று அப்போதுதான் தெரிந்தது, அந்தச் சொட்டோடுதான் விடைத்தாள் திருத்தினேன்.

யூனிட் விஷயத்தில் இன்னொன்று சொன்னார், எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் ஒன்றல்ல. புருவக் கோட்டுக்குப் போடாக்ஸ் என்றால் 20 யூனிட், அதே இடத்துக்கு டிஸ்போர்ட் என்றால் 50 யூனிட். எனவே "ஐம்பது யூனிட் போட்டோம்" என்று பெருமையாகச் சொன்னாலும் எந்த மருந்தில் ஐம்பது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கலக்கிய மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது போடாக்ஸ் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் விதி. "காலையிலேயே கலக்கி வைத்துவிட்டோம்" என்றவர்கள் எந்தக் காலை என்று சொல்லவில்லை. பாலில் தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் காட்டிக்கொடுக்கும். ஊசியில் கலந்தால், குத்தி முடித்த பிறகு எந்தக் கருவியும் காட்டிக்கொடுக்காது. உள்ளே போனது முழு வீரியமா, பாதியா, வெறும் உப்புத் தண்ணீரா என்று நிரூபிக்கக் கிடைக்கும் ஒரே சாட்சி அந்தக் காலிக் குப்பிதான்.

வெறும் தண்ணீராக இருந்தால் காசோடு போயிற்று என்று விட்டுவிடலாம். போலி மருந்து என்றால் உயிருக்கே வந்துவிடும். 2004-இல் ஃபுளோரிடாவில், உரிமம் முடக்கப்பட்டிருந்த ஒரு மருத்துவர் மனிதர்களுக்கானதே அல்லாத, ஆய்வகத்துக்கான நஞ்சை வாங்கிப் போட்டார். அவரையும் சேர்த்து நான்கு பேர் உடல் செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தார்கள். 2024-இல் அமெரிக்காவில் 11 மாநிலங்களில் 22 பெண்கள் போலி மருந்தாலோ, உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்கள் போட்ட ஊசியாலோ பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே பிடிபட்ட போலிப் பெட்டிகளில் 150 யூனிட் என்று அச்சிட்டிருந்தது. அசல் நிறுவனம் அந்த அளவில் குப்பியே தயாரிப்பதில்லை. பெட்டியைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஊசிக்குப் பின் பார்வை இரட்டையாகத் தெரிந்தால், பேச்சு குழறினால், விழுங்கச் சிரமப்பட்டால், மூச்சு வாங்கினால் கிளினிக்குக்குப் போன் செய்துகொண்டிருக்காதீர்கள். நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதே நாளில் வர வேண்டும் என்றில்லை, வாரங்கள் கழித்தும் வரலாம்.

யார் போடலாம் என்பதிலும் நம்மை ஏமாற்றுகிறார்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் அழகியல் சிகிச்சை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அரசாங்க ஆவணத்தில் யூடியூபைப் பெயர் சொல்லி எழுத வேண்டிய நிலை வந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் டாக்டர் தன் பதிவு எண்ணைப் போட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். எனக்கு ஊசி போட்டவரின் எண்ணைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

காலிக் குப்பியின் படத்தையாவது அனுப்புங்கள் என்று விடாமல் கேட்டதில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. குப்பி இல்லை, அட்டைப்பெட்டி. அதைப் பிடித்திருந்த கட்டைவிரல் மிகச் சரியாகப் பேட்ச் எண்ணின் மேல் இருந்தது. நகத்தில் ரோஸ் நிறப் பூச்சு. விரலை எடுத்துவிட்டு மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்றேன். என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் முறைப்படி இறங்கினேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும். அதை எழுத்தில், பதிவுத் தபாலில் கேட்டேன். வந்தது நான் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சம்மதப் படிவம். சிகிச்சை என்ற இடத்தில் "முகம்" என்று மட்டும் இருந்தது. கண்ணுக்கும் கன்னத்துக்கும் சம்மதித்தவளின் நெற்றியில் குத்த அது போதாது. ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் கிளினிக் எதுவானாலும் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கான புகாரை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்தேன். மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம், செய்தேன். நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்கு மனுக் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சிறிய தொகைதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அந்த நம்பிக்கையில்தான் கடை நடக்கிறது.

இமை இப்போது ஏறிவிட்டது. மருந்து தானாக இறங்கும்வரை காத்திருந்ததுதான் சிகிச்சை. இழுப்புக்குப் புதிய டாக்டரிடம், ஸ்டிக்கரோடு, யூனிட் கணக்கோடு மறுபடி போட்டுக்கொள்கிறேன். அழகுக்காகப் போகிறவர்களும் இதையே கேளுங்கள்: மூடிய குப்பியைக் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள், பில்லில் பிராண்டும் யூனிட்டும் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கண் இழுப்பு, கழுத்துத் திருகல், தலைவலி என்று நோய்க்காகப் போகிறவர்கள் அழகுக் கிளினிக் வாசலையே மிதிக்க வேண்டாம். நரம்பியல் அல்லது கண் மருத்துவரிடம் போங்கள், தேதி தாமதமானாலும்.

வக்கீல் நோட்டீசுக்கு அவர்கள் பதில் அனுப்பியிருக்கிறார்கள். சிகிச்சை முழு வெற்றி, நோயாளி திருப்தியாகச் சென்றார் என்று எழுதி, ஆதாரமாக "சிகிச்சைக்குப் பின்" என்று தலைப்பிட்ட என் புகைப்படத்தை இணைத்திருக்கிறார்கள். படத்தின் மூலையில் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கின்றன: ஊசி போட்ட அதே நாள், பகல் 12.40. பில் போட்ட நேரம் 12.52. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று நாள் எடுக்கும் மருந்து, நான் காசு கட்டுவதற்கு முன்பே என்னைக் குணப்படுத்திவிட்டதாம். "இதை அவர்களே அனுப்பினார்களா?" என்று வக்கீல் இரண்டு முறை கேட்டார். மனுவின் இணைப்புகளில் அதைத்தான் முதலாவதாக வைத்திருக்கிறார்.